மடத்துப் பலகாரமும் மாஞ்சா நாட்டுப் பாலாடைக்கட்டியும்

திருப்பயணம் சென்று திரும்புவோர் வீட்டாருக்கும் அயலாருக்கும் ஏதேனும் கொண்டுவந்து பகிர்ந்தளிப்பது நம் குடும்பங்களில் வேரூன்றிய வழக்கம். வேளாங்கண்ணிக்குப் போனவரும் வெறுங்கையோடு வீடு புகுவதில்லை. அண்மைக் காலமாக நம் பங்கு மக்களுள் சிலர் ஸ்பெயின் நாட்டுத் திருத்தலங்களையும் தரிசித்து வருகின்றனர். அவர்கள் பெட்டியைத் திறந்தால் நாம் காண்பதென்ன? சாவிக்கொத்து வளையங்கள், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தப் படங்கள், விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் வாங்கிய சாக்லேட்டு. இவற்றுள் ஸ்பெயின் மண்ணில் பிறந்தவை எத்தனை என்று கேட்டால் கொண்டுவந்தவருக்கே விடை தெரியாது. அதே திருத்தலத்தின் பின்தெருவில், உயர்ந்த மதிலுக்கு அப்பால், அடைபட்ட மடத்துக் கன்னியர் தம் கையால் செய்த பலகாரங்கள் வாங்குவாரை எதிர்நோக்கிக் காத்திருக்கும். இதை அறியாமலேயே பலர் திரும்பி விடுகின்றனர் என்பதாலேயே இதனை எழுத முன்வந்தோம்.

மத்ரித் நகரின் பழைய பகுதியில் கார்ப்போனேராஸ் என்று மக்கள் அழைக்கும் ஒரு மடம் உண்டு. புனித எரோணிமுஸ் சபைக் கன்னியரின் மடம். 1605-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கரிக்கிடங்கில் கண்டெடுக்கப்பட்ட தேவமாதா படமொன்று அங்கு வந்து சேர்ந்தமையால், கரியைக் குறிக்கும் இப்பெயர் மடத்துக்கு வாய்த்தது. வாயில் மணியை அழுத்தினால் கதவு திறக்கும். முற்றத்தையும் நடைகளையும் கடந்து சென்றால் சுவரில் ஒரு மரச் சுழற்பெட்டி இருக்கும். பீப்பாயைப் போன்ற வடிவினதாய், ஒருபுறம் இருப்பவர் மறுபுறம் இருப்பவரைக் காண இயலாதவாறு தடுப்புடன் அமைந்த அதனைத் 'தோர்னோ' என்பர். பலகாரங்களின் பெயரும் விலையும் அருகில் எழுதியிருக்கும்.

இத்தகைய மடங்களில் வழங்கும் முறை அழகியது. உள்ளிருந்து ஒரு குரல், "ஆவே மரீயா பூரீசிமா" என்று தூய கன்னிமரியைப் போற்றும். வந்தவர், "சின் பெக்காதோ கொன்செபீதா" என்று, அதாவது பாவமின்றி உற்பவித்தவர் என்று மறுமொழி கூறுவார். அதன் பின்னரே வாணிபம். இன்ன பலகாரம் அரைக் கிலோ வேண்டும் என்று கூறிப் பணத்தைப் பெட்டியில் வைத்தால், அது சுழன்று உள்ளே போகும். மீண்டும் சுழன்று வரும்போது பலகாரமும் மீதிச் சில்லறையும் இருக்கும். விற்றவரின் முகத்தை நாம் காண்பதில்லை. அமலோற்பவ மாதாவின் வாழ்த்தோடு தொடங்கும் கடை வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம்.

துறவியருக்கு வாணிபம் எதற்கு என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். கைத்தொழிலால் பிழைப்பது துறவறத்துக்கு இழுக்கன்று. அதன் உயிர்நாடிகளுள் ஒன்று. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கின் 57-ஆம் அதிகாரத்தில், மடத்துப் பொருள்களை உலகத்தார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்று பணித்திருக்கிறார். தியான மடத்துக் கன்னியரைக் குறித்து 2016-இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட சாசனமும் உழைப்பைத் தனித் தலைப்பாக எடுத்துரைக்கின்றது. இன்றைய நிலையோ கவலைக்குரியது. ஸ்பெயின் நாட்டில் அழைத்தல் குறைந்து, மடங்கள் பல மூடப்பட்டு வருகின்றன. எஞ்சியவற்றிலும் முதிர்ந்த கன்னியரே மிகுதி. கென்யா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சென்ற இளங்கன்னியர் பல இடங்களில் அடுப்படியைத் தாங்கி நிற்கின்றனர். பல நூற்றாண்டு கண்ட கூரையைப் பழுது பார்க்கவும், மூத்த சகோதரிகளுக்கு மருந்து வாங்கவும் பலகாரப் பெட்டியில் விழும் காசு அவர்களுக்குக் கைகொடுக்கின்றது.

இப்பலகாரங்களுள் முட்டையின் மஞ்சள் கருவுக்குத் தனியிடம் உண்டு. ஹெரெஸ் வட்டாரத்தில் திராட்சை இரசத்தைத் தெளியவைக்க முட்டையின் வெண்கருவைப் பயன்படுத்தினர். எஞ்சிய மஞ்சள் கருவை மடங்களுக்கு அளித்தனர். அவர்கள் அதனைச் சர்க்கரையுடன் கிளறி இனிப்பாக்கினர் என்று சொல்லப்படுகின்றது. புனித தெரேசம்மாள் பிறந்த அவிலா நகரில் அவர் பெயராலேயே 'யேமாஸ்' என்னும் மஞ்சள் கரு உருண்டைகள் விற்கப்படுகின்றன. செவில் நகரில் புனித லெயாந்தர் மடத்து அகுஸ்தினார் சபைக் கன்னியர் செய்யும் யேமாஸ் புகழ் பெற்றவை. முட்டையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. திருமண நாளில் மழை பெய்யாதிருக்கும்படி புனித கிளாரம்மாள் சபை மடத்துக்கு மணப்பெண் முட்டைகளைக் காணிக்கையாகக் கொண்டு செல்லும் வழக்கம் அந்நாட்டில் இன்னும் உண்டு. மழைக்காக ஏங்கி நவநாள் செய்யும் நம்மவருக்கு இது விநோதமாய்த் தோன்றலாம்!

சந்தியாகப்பரின் கல்லறை உள்ள பேராலயத்துக்கு அருகே புனித பெலாயோ மடம் உள்ளது. ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் அம்மடத்திலும் சுழற்பெட்டி வழியே பலகாரம் கிடைக்கும். வாதுமை, சர்க்கரை, முட்டை ஆகியவற்றால் ஆகி, மேலே பொடிச் சர்க்கரையால் சந்தியாகப்பரின் சிலுவை பொறித்த 'தார்த்தா தெ சந்தியாகோ' அவ்வூரின் சிறப்பு. தொலேதோ நகரின் வாதுமை இனிப்பான 'மாசபான்' மற்றொன்று. முத்திரை பெற்றதில் பாதிக்குக் குறையாமல் வாதுமை இருத்தல் வேண்டும். ஊர் வந்து சேரும் வரை கெடாமல் இருப்பதில் இதற்கு ஈடு குறைவு. யேமாஸ் அப்படியன்று, பயணத்தின் இறுதி நாளில்தான் வாங்கவேண்டும்.

இனிப் பாலாடைக்கட்டி. ஸ்பெயின் என்றவுடன் எல்லாரும் சொல்வது 'மாஞ்சேகோ'. தொலேதோ, குவெங்கா, சியுதாத் ரெயால், அல்பசேத்தே ஆகிய மாவட்டங்களில் பரந்துள்ள மாஞ்சா சமவெளியில், மாஞ்சேகா என்னும் செம்மறி இனத்தின் பாலால் மட்டுமே இது செய்யப்பட வேண்டும். சிறிய கட்டியாயினும் 30 நாளேனும் பதப்பட வேண்டும். மிகுதியாக இரண்டு ஆண்டு வரை பதப்படுத்துவர். முற்காலத்தில் கோரைப்புல் பின்னிய பட்டையால் தயிரைச் சுற்றி அழுத்தினர். அப்பின்னலின் தடமே இன்றும் அதன் தோலில் கோணல் கோடுகளாய்க் காணப்படுகின்றது.

இதில் நாமே ஒருமுறை ஏமாந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கடைத்தெரு ஒன்றில், உறைமேல் அழகிய செம்மறியாட்டின் படத்தைக் கண்டு மகிழ்ந்து வாங்கினோம். இருப்பிடம் வந்து படித்தபோதுதான் அது பசு, வெள்ளாடு, செம்மறி ஆகிய மூன்றன் பாலும் கலந்தது என்று தெரிந்தது. கலப்புக் கட்டி தீயதன்று. ஆனால் மாஞ்சேகோவும் அன்று. 'மெஸ்க்லா' என்றிருந்தால் கலப்பு என்று பொருள். உண்மையான மாஞ்சேகோவின் தட்டைப் பக்கத்தில் பால்புரதத்தாலான, வரிசை எண்ணுள்ள சிறு வில்லை பதிந்திருக்கும். உறையில் சிவப்பும் மஞ்சளுமான ஐரோப்பிய முத்திரை இருக்கும். ஆட்டின் படத்தை விடுத்து இவற்றை நோக்குக.

புனித இஞ்ஞாசியார் பிறந்த லொயோலா செல்வோர், அதே மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய 'இதியாசாபால்' கட்டியைச் சுவைத்துப் பார்க்கலாம். புகைபோக்கி இல்லாத இடையர் குடிசைகளில் அடுப்புப் புகை படிந்து பெற்ற மணம் அதற்கு மரபாகி விட்டது. புனித சவேரியார் 1506-இல் பிறந்த கோட்டை நவார்ரா நாட்டில் உள்ளது. அந்நாட்டின் ரொங்கால் பள்ளத்தாக்கில் செய்யப்படும் செம்மறிப் பாலாடைக்கட்டியே ஸ்பெயினில் முதன்முதலாக, 1981-இல், பிறப்பிட முத்திரை பெற்ற பாலாடைக்கட்டி. முத்துக்குளித்துறையில் திருமுழுக்கு அளித்த கரங்களுக்குரியவர் பிறந்த நாட்டின் உணவு என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கொடுத்தால், அவர்கள் முகம் சுளித்தாலும் பெயரை மறக்கமாட்டார்கள்.

மாஞ்சேகோ முதலியவை பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளால் உறையூட்டப்படுபவை என்பதைச் சைவ உணவு உண்ணும் அயலாருக்குக் கொடுக்குமுன் நினைவில் கொள்வது நாகரிகம். எஸ்திரேமதூரா பகுதியின் 'தோர்த்தா தெல் காசார்' முட்செடி ஒன்றின் பூவால் உறையூட்டப்படுவது. ஆனால் இளகிய அது நீண்ட பயணத்துக்கு ஏற்றதன்று. நீலப் பூஞ்சை படர்ந்த 'கப்ராலெசு' கட்டியை அங்கேயே உண்டு வருவது நலம். அதன் மணம் பெட்டியிலுள்ள அங்கியை விட்டு அகலாது.

கெட்டிப்பட்ட கட்டியில் ஒரு துண்டு வாங்கி, "அல் வாசியோ" என்று கடைக்காரரிடம் சொன்னால் காற்றை நீக்கி உறையிட்டுத் தருவார். பால்பொருளும் இறைச்சியும் நம் நாட்டுச் சுங்கத்தில் அறிவிக்கப்பட வேண்டியவை. ஒளித்துக் கொண்டுவருவது திருப்பயணிக்கு அழகன்று. புறப்படுமுன் விதிகளைக் கேட்டறிக. வழியில்லை எனில் பாலாடைக்கட்டியை அங்கேயே உண்டு, பலகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவருக. ஒலிவ எண்ணெய்ப் புட்டியையும் செவில் நகர் புனித பவுலம்மாள் மடத்து ஆரஞ்சுப் பாகையும் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் இழக்க நேரிடும்.

மடத்துக்குச் செல்வோர் பிற்பகல் ஓய்வு வேளையையும் செப வேளையையும் தவிர்த்து, காலையிலேயே செல்க. சிறு நோட்டுகளையும் சில்லறையையும் கையில் வைத்திருங்கள். படம் பிடிக்க வேண்டா. செபத்தில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பணத்தோடு அப்பெட்டியில் வைத்தால், அதுவும் உள்ளே போகும்.