பாலிஷ் போடுவதற்கு முன்

இந்தியாவில் இன்று ஓராண்டில் விற்கும் புதுக் கார்களைவிடக் கைமாறும் பழைய கார்களே அதிகம். காலி மனையில் வரிசையாக நிறுத்தி, கண்ணாடியில் சுண்ணாம்பால் விலை எழுதி விற்ற காலம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் 2001இல் மாருதி ‘ட்ரூ வேல்யூ’வைத் தொடங்கியது முதல், செகண்ட் ஹேண்ட் காருக்கும் குளிரூட்டிய ஷோரூமும் உத்தரவாத அட்டையும் வந்துவிட்டன. அந்த ஷோரூமில் நிற்கும் கார்கள் அனைத்தும் ஒன்றுபோல மின்னுகின்றன. அந்த மினுக்கத்துக்குள் இருவகை வேலைகள் இருக்கின்றன: குறையைச் சரிசெய்த வேலை, குறையை மூடிய வேலை. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எது எது என்று சொல்லக்கூடியது, கார் உள்ளே வந்த அன்று, தண்ணீர் அடிப்பதற்கும் பாலிஷ் போடுவதற்கும் முன், பரிசோதகர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றே. அந்தக் குறிப்பு காரோடு சேர்ந்து வாங்குபவர் கைக்கு வரவேண்டும். இன்று பெரும்பாலும் வருவதில்லை.

விற்பனையகத்துக்குக் கார் பல வழிகளில் வருகிறது. புதுக் கார் வாங்க வந்தவர் எக்ஸ்சேஞ்சில் விட்டுப்போனது, தவணை கட்டாததால் வங்கி கைப்பற்றி ஏலம் விட்டது, கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்தது, புரோக்கர் ஓட்டி வந்தது என்று. தேர்ந்த டீலர் வண்டியைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பார்ப்பார். ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை இருக்கிறதா, கட்டாத இ-சலான் எத்தனை, வாடகைக்கு ஓடியதை ஒயிட் போர்டாக மாற்றியிருக்கிறார்களா, இன்ஷூரன்ஸில் எப்போது என்ன கிளெய்ம் வாங்கினார்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. இந்தக் கட்டத்திலேயே பல கார்கள் கழிந்துவிடும். சான்று கொடுத்து விற்கும் நிறுவனங்கள் வயதுக்கும் ஓடிய தூரத்துக்கும் ஓர் உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். கழிந்த கார் எங்கே போகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். என் வாதத்துக்கு அது முக்கியம்.

பாடியைப் பார்ப்பதில்தான் தொழில் தெரிந்தவரின் கண் புலப்படும். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும், கதவுக்கும் கதவுக்கும் இடையே உள்ள கேப் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பானட் கீலின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பெயிண்ட் தடிமன் அளக்கும் சிறு கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்ப்பார். தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். 250, 300 என்று காட்டினால் மறுபடி பெயிண்ட் அடித்தது. 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் கருவிக்குச் சிக்காது, சிக்கினாலும் பொருட்டில்லை. நெரிசலான ஊரில் ஐந்து வருடம் ஓடிய காரில் ஒரு பேனலாவது டிங்கரிங் ஆகியிருப்பது இயல்பு. பயப்பட வேண்டியது வேறிடத்தில். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் பில்லரில் தொழிற்சாலை போட்ட ஸ்பாட் வெல்டிங் ஒரே இடைவெளியில் குழிகுழியாகத் தெரியும். பட்டறையில் வெட்டி ஒட்டியதில் அந்த ஒழுங்கு வராது. பில்லர், ஏப்ரான், சேஸிஸ் உறுப்புகள்தான் மோதலின் விசையைத் தாங்கி உள்ளிருப்பவரைக் காப்பவை. அங்கே கைவைத்த காரும் கதவு நசுங்கி நிமிர்த்திய காரும், பெயிண்ட் அடித்து முடித்த பிறகு, அருகருகே ஒரே மாதிரிதான் நிற்கும்.

மெக்கானிக்கல் சோதனைக்கு என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கிவைத்த என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்புக்குப்பென்று தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். மெக்கானிக்குகள் அதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் அழிக்காத பழுதுக் குறியீடுகள் வரும். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதோடு, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படிப்பார்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் ஐந்து வருடக் காரில் நான்கு டயரும் புதிது என்றால் கேள்வி எழும். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது கடினமான வேலை இல்லை. ஆனால் தேய்ந்த பெடல் ரப்பரும், வழவழத்துப்போன ஸ்டீயரிங்கும், சர்வீஸ் சென்டர் பதிவும், சில கார்களில் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிந்த தூரமும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இவை அனைத்தையும்விடக் கொடியது வெள்ளக் கார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பழுது பார்க்கும் செலவு இன்ஷூர் செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் தருவது நம் வழக்கம். மிச்சமான வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் பாகங்களைப் பிரித்து விற்றால் சரி. காயவைத்து, சீட் துணி மாற்றி, வாசனை தெளித்துத் திரும்பச் சந்தைக்கு விட்டால்? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கறை, சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் படிந்த வண்டல் என்று தடயங்கள் சில நாள் இருக்கும். நல்ல கிளீனிங்கில் இவையும் போய்விடும். போகாதது வயரிங் இணைப்புகளின் உள்ளே மெல்ல ஏறும் துரு. ஏர்பேகை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. அதற்குள் தண்ணீர் புகுந்ததா என்பது உயிர் சம்பந்தப்பட்ட தகவல்.

இனி ரீகண்டிஷனுக்கு வருவோம். டீலர் கணக்குப் போடுவது பின்னிருந்து முன்னுக்கு. ஓர் உதாரணத்துக்கு, ஒரு கார் ஐந்து லட்சத்துக்குப் போகும் என்று சந்தை சொன்னால், அதில் வேலைச் செலவு 30,000, இடவாடகை, வட்டி, லாபம் எல்லாம் 45,000 என்று கழித்து 4,25,000க்குக் கேட்பார். எனவே வேலைச் செலவில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நேராக லாபம். அந்த முப்பதாயிரத்தை எங்கே செலவிடுவது? ரப்பிங், பாலிஷ், புதுச் சீட் கவர், என்ஜின் வாஷ் எல்லாம் வாங்குபவர் கண்ணில் படும், விலையை ஏற்றும். பிரேக் பேட், கூலன்ட் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச் பிளேட் எதுவும் கண்ணில் படாது. எழுத்தில் எதுவும் தராத சந்தையில், நேர்மையாகப் பிரேக் மாற்றிய டீலருக்கும் மாற்றாதவருக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். செலவு தானாகவே மினுக்கத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. டீலர்களின் குணத்தைப் பழிப்பதில் பயனில்லை. விலை அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்கமாட்டார். நல்லவை விலக விலகச் சந்தையின் தரம் இறங்கும். டீலர் கழித்த காரை இங்கே நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அது அழிந்துபோவதில்லை. மொத்தமாக ஒரு புரோக்கருக்குப் போய், இன்னொரு இடத்தில் பாலிஷ் ஏறி, இன்னொரு குடும்பத்தின் வாசலில் நிற்கும். அதன் சேஸிஸ் வளைந்ததை ஒருவர் அளந்து பார்த்து அறிந்தார். அந்த அறிவு அவருடைய கணினியிலேயே தங்கிவிட்டது.

ஜப்பானில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே டீலர்களுக்கு இடையிலான ஏலத்தில் ஒவ்வொரு காரையும் ஏல நிறுவனத்தின் பரிசோதகர் சோதித்து ஒரு தாளில் தரப்புள்ளி இடுகிறார். 4, 4.5 என்றால் நல்ல கார். ஆர் என்ற எழுத்து இருந்தால் கட்டமைப்பில் பழுது பார்த்த கார். எந்தக் கதவில் எவ்வளவு கீறல், எந்தப் பேனல் மாற்றியது என்பதெல்லாம் காரின் படத்திலேயே குறிக்கப்படும். சில்லறை விற்பனையிலும், கட்டமைப்பில் பழுது பார்த்ததா என்பதை விலைப் பலகையில் காட்ட வேண்டும் என்று வணிகர்களே தங்களுக்கு விதி வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையில் ஜப்பானிய ரீகண்டிஷன் வாகனம் வாங்கும் தமிழர்களுக்கு இந்த ஏலத் தாள் பழகிய விஷயம். அதைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்த பிறகே பலர் விலை பேசுகிறார்கள். ஆர் போட்ட கார்களும் விலைபோகின்றன, குறைந்த விலைக்கு. குறையைச் சொன்னால் கார் விற்காது என்ற பேச்சுக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

அந்தப் பேச்சைவிட வலுவான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. டீலர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரிய குறைகளைக் காரின் கண்ணாடியில் எழுதி ஒட்ட வேண்டும் என்று அங்குள்ள கூட்டாட்சி வணிக ஆணையம் 1981இல் விதி வகுத்தது. எதிர்ப்பு கிளம்பி, நாடாளுமன்றம் தடுத்தது. 1985இல் நடைமுறைக்கு வந்த விதியில் அந்தப் பகுதி இல்லை. டீலருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நிரூபிப்பது கடினம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது மனத்தில் இருந்ததை அல்ல, அளந்ததை. பெயிண்ட் இத்தனை மைக்ரான், உள்ளே வந்த அன்று மீட்டர் இத்தனை, ஸ்கேனர் காட்டிய குறியீடு இது, மாற்றிய பாகம் இது, பில் இதோ. இவற்றில் பொய் சொன்னால் மறு அளவில் பிடிபடும். சிறு டீலருக்குச் செலவு கூடும் என்பார்கள். தடிமன் அளக்கும் கருவியும் ஸ்கேனரும் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. உத்தரவாதம் தருகிறோமே என்பார்கள். அது பெரும்பாலும் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும், ஆறு மாதமோ ஓராண்டோ. வெட்டி ஒட்டிய பில்லரை அது தொடாது. முந்நூறு இடங்களைச் சோதித்தோம் என்ற விளம்பரமும் அப்படியே: எத்தனை இடம் பார்த்தார்கள் என்று சொல்கிறதே தவிர, அங்கே என்ன கண்டார்கள் என்று சொல்வதில்லை. வாங்குபவரே மெக்கானிக்கை அழைத்து வரலாமே என்றால், வரலாம், வரவும் வேண்டும். ஆனால் அவர் ஒரு மணி நேரம் பார்ப்பது பட்டியும் பெயிண்ட்டும் ஏறிய பிறகு. டீலர் பார்த்தது அதற்கு முன்.

சட்டத்தில் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டோம். 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், பழைய கார் டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்கிறது. வண்டி தங்கள் கையில் இருக்கும்வரை அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள். அது எதற்காக எவ்வளவு தூரம் ஓடியது என்று மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும். அதே பதிவில், வந்த அன்று எடுத்த பரிசோதனைத் தாள் ஒன்றைச் சேர்க்கச் சொல்வது பெரிய சுமை ஆகாது. முழு இழப்பு என்று பணம் கொடுத்த காரின் விவரம் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிடம் இருக்கிறது; அதை அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’இல் யாரும் பார்க்கும்படி ஏற்றினால் வெள்ளக் கார்கள் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. அதுவரை, முன்பணம் கொடுப்பதற்கு முன் வாங்குபவர் மூன்றைக் கேட்கலாம்: வண்டி உள்ளே வந்த அன்று எடுத்த படங்கள், பேனல்வாரியான பெயிண்ட் அளவு, மாற்றிய பாகங்களின் பில். இம்மூன்றையும் தராத இடத்தில், சான்று பெற்ற கார் என்பதற்காகக் கூட்டிச் சொல்லும் தொகையைக் கழித்துவிட்டுத்தான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.