சாவியைக் கொடுக்குமுன் வழியைக் காட்டுவோம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. மாந்தோப்புகளைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தில் இணைந்த காடு அது. அங்கு வாழும் பளியர் இன மக்கள் தேனெடுப்பதில் தேர்ந்தவர்கள். அந்த வித்தையை அவர்கள் ஏட்டில் கற்கவில்லை. இளைஞன் பெரியவரோடு காட்டுக்குள் செல்கிறான், பார்க்கிறான், கூட நின்று உதவுகிறான், அதன் பின்னரே தானாகத் தேனடையை நோக்கி ஏறுகிறான். பார்த்துப் பழகாத பிள்ளையைப் பாறை உச்சிக்கு அனுப்ப எந்தத் தகப்பன் துணிவான்?

ஆனால், நாம் பள்ளிக்கூடங்களில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்!

ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். மறுநாள் காலை, பணிமூப்பில் அடுத்தவரிடம் சாவிக்கொத்தும் பதிவேடுகளும் ஒப்படைக்கப்படுகின்றன. நேற்று வரை அவர் சிறந்த கணித ஆசிரியர். இன்று முதல் அவர் ஒரு நிறுவனத்தின் தலைவர். கால அட்டவணை, கணக்கு வழக்கு, ஆய்வுக்கு வரும் அதிகாரி, சகஊழியர்களுக்கிடையே மனக்கசப்பு, கோபத்தோடு வாசலில் நிற்கும் பெற்றோர் என அனைத்தும் அவர் தலையில் இறங்குகின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பத்து நாட்களாக வரவில்லை. அவள் வீட்டாரிடம் யார் பேசுவது, எப்படிப் பேசுவது? இருபது ஆண்டுகள் கணிதம் நடத்திய அனுபவம் மட்டும் இதற்கு விடை சொல்லாது. அவர் தவறு செய்து கற்றுக்கொள்ளலாம். ஆயினும், அந்தத் தவறின் விலையைக் கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள் அன்றோ?

உரிமை இருக்கிறது, பொறுப்பு?

முஸ்லிம் கல்வி நிறுவனங்களுக்கு இவ்விஷயத்தில் தனிப்பொறுப்பு உண்டு. கேரளத்தில் ஒரு முஸ்லிம் உயர்நிலைப்பள்ளி, பணிமூப்பைப் பாராமல் தான் தேர்ந்தெடுத்தவரைத் தலைமையாசிரியராக நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உரிய கல்வித் தகுதி உடையவராயின், தாம் விரும்பும் ஒருவரைத் தலைமையாசிரியராகத் தேர்வது அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்கு வழங்கும் நிர்வாக உரிமையின் பகுதியே என்று 1998-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆரங்களையெல்லாம் தாங்கி நிற்கும் சக்கரத்தின் குடத்தைப் போன்றவர் தலைமையாசிரியர் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இது பெரும் உரிமை. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் பணிமூப்பே பதவியைத் தீர்மானிக்கிறது. நமக்கோ தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. ஆனால், தேர்ந்தெடுப்பதற்கு ஆயத்தமான ஒருவர் இல்லையென்றால், அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன்? தேர்வு உரிமை நிர்வாகிகளின் உறவு, நட்பு, விருப்பு வெறுப்புகளுக்குக் கருவியாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆளை உருவாக்கிய பின்னரே தேர்வு. அதுவே அமானிதத்தைப் பேணும் முறை.

கூடவே இருந்து கற்றல்

இது நமக்குப் புதிய வழியன்று. திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்கள் ஓர் இறையடியாரைத் தேடிச் சென்று, அவருடன் நடந்தே பாடம் பெற்ற வரலாற்றை அறிவோம். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய தலைவர், மற்றொருவரின் பின்னே மாணவராக நடக்கிறார். உடன் வருவதற்கு அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனை பொறுமை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091-ஆம் ஆண்டில் பாக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்கள். அதற்கு முன் நிஷாப்பூரில், இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்கள் 1085-இல் மறையும் வரை அவர்களிடமே பயின்றார்கள். அக்கால மத்ரஸாக்களில் ‘முஈத்’ என்றொரு பொறுப்பு இருந்தது. ஆசிரியர் நடத்திய பாடத்தை மாணவர்களுக்குத் திரும்ப விளக்கும் துணையாசிரியர் அவர். பெரிய பொறுப்புக்குச் செல்லும் படிக்கட்டு அது.

இன்று உலகம் அந்தப் படிக்கட்டை மீண்டும் கட்டுகிறது. சிங்கப்பூரில் 2001 முதல், எதிர்காலப் பள்ளி முதல்வர்களுக்குத் தேசியக் கல்விக் கழகத்தில் ஆறு மாத முழுநேரப் பயிற்சி ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் ஒரு பள்ளியோடு இணைந்து செய்யும் பணியும் உண்டு. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் தோன்றிய ‘நியூ லீடர்ஸ்’ அமைப்பு, முதல்வராக விரும்புவோரை ஓராண்டு முழுவதும் அனுபவமிக்க முதல்வர் ஒருவரின் பக்கத்திலேயே பணியாற்ற வைத்தது. மருத்துவம் படித்தவர் மருத்துவமனையில் தங்கிப் பழகுவதைப் போன்ற பயிற்சி அது. நம் நாட்டிலும் 2012-இல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் தமிழக அரசு தலைமையாசிரியர்களுக்கு உண்டு உறைவிடப் பயிற்சிகளை நடத்தியுள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், பதவிக்கு வந்தபின் சில நாட்கள் பெறும் பயிற்சி வேறு. பதவிக்கு முன் ஓராண்டு உடனிருந்து பழகுவது வேறு.

நாம் செய்யக்கூடியது

தலைமையாசிரியர் ஓய்வு பெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒன்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே தகுதியுள்ள இருவரையோ மூவரையோ நிர்வாகக் குழு அடையாளம் காணட்டும். அவர்களுக்கு வகுப்புகளைக் குறைத்து, முதல் பருவத்தில் தலைமையாசிரியரின் அருகிலிருந்து பார்க்கச் செய்யட்டும். இரண்டாம் பருவத்தில் ஒரு பொறுப்பை, கால அட்டவணையையோ இடைநின்ற மாணவரை மீட்பதையோ, முழுமையாக ஒப்படைக்கட்டும். மூன்றாம் பருவத்தில், நன்கு நடைபெறும் வேறொரு பள்ளிக்கு அனுப்பட்டும். நம் ஊர்ப் பள்ளி ஒன்றே எனில், அண்டை ஊரில் அனுபவமிக்க தலைமையாசிரியர் இருப்பார். அவர் எச்சமயத்தவராயினும் அறிவைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. ஒவ்வொரு வாரமும் மூத்தவரும் இளையவரும் அமர்ந்து, எது சரியாக நடந்தது, எது தவறியது என்று மனம்விட்டுப் பேச வேண்டும். பயிற்சியின் உயிர்நாடி அந்த உரையாடல்தான்.

செலவு? பயிற்சி பெறுபவரின் வகுப்பை நடத்த ஒரு மாற்று ஆசிரியரின் ஊதியம். புதிய கட்டடத்துக்கு மனமுவந்து கொடுக்கும் செல்வந்தர்கள், அதில் ஒரு சிறு பகுதியை அக்கட்டடத்துக்குள் அமரப்போகும் மனிதருக்காகவும் ஒதுக்கலாகாதா?

நிறைவாக, இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பெண்கள் பலர் திறமைமிக்க ஆசிரியைகள். பொறுப்பு தேடி வரும்போது, “வீட்டைப் பார்க்க வேண்டாமா?” என்ற ஒரு கேள்வியில் அவர்களை நிறுத்திவிடுகிறோம். பெண்பிள்ளைகள் மேல்வகுப்புவரை படிக்க, பெற்றோர் நம்பிப் பேசக்கூடிய தலைமையாசிரியை எவ்வளவு அவசியம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். மாலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வரும் மனைவிக்கு, மகளுக்கு, மருமகளுக்கு அந்த ஓராண்டில் வீட்டார் தோள் கொடுத்தால், அதன் பலன் ஊருக்கே கிட்டும்.

செண்பகத்தோப்புக் காட்டில் தேனெடுக்கும் இளைஞனுக்கு அருகில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாளை நம் பள்ளியின் சாவியை வாங்கப்போகிறவருக்கு அருகிலும் ஒருவர் இருக்கட்டும். அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைக்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!