கேபிள் அறுந்தால் தரையில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

புனேயின் ஹடப்சரில் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் கிளைடிங் மையம் போன்ற சிறு ஓடுதளங்களில், ஆபத்தைத் தரையிலிருந்து சமாளிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கிளைடரோடு இணைத்த கேபிளை வின்ச் எனும் இழுவை இயந்திரம் வேகமாக இழுக்கத் தொடங்கிய மூன்று, நான்கு நொடிகளில் கிளைடர் பறக்கும் வேகத்தை எட்டிவிடும். ஆபத்து தெரிந்ததும் தரையில் இருப்பவர்கள் ஏன் உடனே ஏவலை நிறுத்துவதில்லை என்பதே புனேயை அடுத்த நிக்டி, சிஞ்ச்வட் பக்கத்து வாசகர் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி.

ஓடுதளத்தில் நிற்கும் எவரும் ‘ஸ்டாப்’ சொல்லலாம் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் இதையே முழுப் பாதுகாப்பாகக் காட்டும் அறிவிப்புகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. பார்த்தவர் கத்த வேண்டும். சைகை கொடுப்பவர் அதை விளக்கிலோ வாக்கிடாக்கியிலோ கடத்த வேண்டும். ஓடுபாதையின் மறுகோடியில் இருக்கும் வின்ச் ஓட்டுநர் புரிந்துகொண்டு விசையைக் குறைக்க வேண்டும். இறக்கையின் நுனி தரையில் இடித்துக் கிளைடர் குப்புறப் புரள அவ்வளவு நேரம் தேவையில்லை. பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005-இல் தொடங்கிய பாதுகாப்பு இயக்கம் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது: இறக்கையைச் சமமாக வைக்க முடியாத கணமே, யார் சொல்லுக்கும் காத்திராமல், விமானியே கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அதன்பின் அங்கே வின்ச் விபத்துகள் கணிசமாகக் குறைந்தன.

அப்படியானால் தரையில் இருப்பவரின் உண்மையான வேலை கிளைடர் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கேபிளுக்கும் கிளைடருக்கும் நடுவே ‘வீக் லிங்க்’ எனும் சிறு உலோகத் தகடு மாட்டப்படும். இழுவிசை மிஞ்சினால் இறக்கை முறிவதற்கு முன் இது அறுந்துவிடும். ஜெர்மனியின் டோஸ்ட் நிறுவனத் தகடுகளில் நிறமே அளவைச் சொல்லும்: கறுப்பு ஏறத்தாழ 1,000 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையில் அறும், பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. எந்தக் கிளைடருக்கு எந்த நிறம் என்பதை அதன் கையேடு சொல்கிறது.

இதில் வியக்கவைப்பது இரட்டைத் தகடு அமைப்பு. முதல் தகட்டின் துளைகள் வட்டம். பக்கத்தில் இருக்கும் மாற்றுத் தகட்டின் துளைகள் நீள்வட்டம். அதனால் வழக்கமான இழுப்பு முழுவதையும் முதல் தகடு மட்டுமே தாங்கும். பல ஏவல்களில் களைத்துப்போய் அது தன் அளவுக்கு முன்பே அறுந்தால், களைக்காத மாற்றுத் தகடு சுமையை ஏற்றுக்கொள்ளும், ஏவல் தடைபடாது. இழுவிசை நிஜமாகவே மிஞ்சினால் இரண்டும் அடுத்தடுத்து அறும்.

கவலைக்குரியதும் இதே அமைப்புதான். முதல் தகடு அறுந்தது மேலே போகும் விமானிக்குத் தெரியாது. தகடுகளை மூடியிருக்கும் எஃகு உறையைத் தரையில் யாராவது சோதிக்காவிட்டால், அடுத்தடுத்த ஏவல்கள் மாற்றுத் தகட்டை மட்டும் நம்பி நடக்கும். சுமார் 200 ஏவல்களுக்கு ஒருமுறை தகட்டை மாற்றச் சொல்கிறது தயாரிப்பாளரின் அறிவுரை. அந்தக் கணக்கை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம், வருடத்துக்கு ஒருமுறை புகைப்படத்தோடு நடக்கும் ஒத்திகையைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

நடுவானில் கேபிள் அறுந்தால் விமானி மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பார். உயரம் போதாவிட்டால் நேர் எதிரே இறங்குவார், போதுமென்றால் சிறு வட்டமடித்து வருவார். அந்த நொடிகளில் தரையிலிருந்து வானொலியில் அறிவுரை சொல்வது உதவியல்ல, இடையூறு. வின்ச் டிரம்மை நிறுத்துவது, விழும் கேபிளின் அடியிலிருந்து ஆட்களை விலக்குவது, அடுத்த ஏவலைத் தடுத்து ஓடுபாதையைக் காலியாக வைப்பது: செய்யவேண்டியவை இவைதான்.

மற்றக் கேள்விகள்:

கேபிள் கழலாவிட்டால்? கிளைடர் வின்ச்சைத் தாண்டும்போது கொக்கி தானே திறக்க வேண்டும். அதுவும் தவறினால் வின்ச் ஓட்டுநர் வெட்டுக்கருவியால் கேபிளைத் துண்டிப்பார்.

தீயணைப்பு வண்டி எவ்வளவு நேரத்தில் வர வேண்டும்? சர்வதேச அளவுகோலின் இலக்கு 2 நிமிடம், உச்சவரம்பு 3. நகரத்திலிருந்து வரும் வண்டியால் அது முடியாது.

யாரை அழைப்பது? 112, ஆம்புலன்ஸுக்கு 108.

உடைந்த பாகங்களை அப்புறப்படுத்தலாமா? உயிரைக் காப்பாற்றவோ தீ போன்ற ஆபத்தைத் தடுக்கவோ தேவையான அளவுக்கு மட்டும்.