கிரைண்டிங் வேலையும் மாறாத இருமலும்

"மூன்று மாதமாக இருமல் மாறவில்லை, டொக்டர்" என்று வருபவரிடம் என்ன வேலை என்று கேட்டால், "ஃபக்டரி" என்பார். பிஸ்கட் அடைக்கும் ஃபக்டரியும் இரும்பு கிரைண்ட் பண்ணும் ஃபக்டரியும் நுரையீரலுக்கு ஒன்றல்ல.

உலோகத்தைச் சாணைச் சில்லில் தேய்க்கும்போது, சூட்டைத் தணிக்கவும் துகள்களைக் கழுவவும் பால் போன்ற ஒரு திரவம் பாய்ச்சப்படும். அதுதான் கூலன்ற். பெரும்பாலும் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். மிகுதி எண்ணெயும் கிருமிகொல்லி முதலிய இரசாயனங்களும். வேகமாகச் சுழலும் சில்லில் பட்டு அது நுண்ணிய தூவலாகி மூச்சோடு உள்ளே போகிறது. தொட்டியில் நாட்பட்டால் பக்ரீரியா பெருகும். திங்கட்கிழமை காலையில் மெசினைப் போட்டதும் அடிக்கும் அழுகல் மணம் அதனால்தான். மணமில்லாத கூலன்ற் எல்லாம் சுத்தம் என்றும் எண்ண வேண்டாம்.

பேர்மிங்ஹாம் லோங்பிரிட்ஜில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் 2003-2004 இல் பல தொழிலாளர்கள் இப்படித்தான் ஆஸ்மாவாலும் நுரையீரல் அழற்சியாலும் பாதிக்கப்பட்டார்கள். ஆஸ்மா என்றால் வேலை நாட்களில் இழுப்பு கூடும், விடுமுறையில் குறையும். அழற்சியோ வேலை முடிந்து சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், மூச்சுமுட்டலாக வரும். பார்ப்பதற்கு அசல் ஃப்ளூதான். நானும் அன்ரிபயோற்றிக் எழுதி அனுப்பியதுண்டு. நெடுங்காலம் விட்டால் நுரையீரலில் மாறாத தழும்பு விழலாம்.

இப்போது தாவர எண்ணெயை மணிக்கு 100 மில்லிலீற்றருக்கும் குறைவாகக் காற்றோடு தூவும் முறை வந்திருக்கிறது. சூழலுக்கு நல்லது. ஆனால் தாவர எண்ணெய் என்றாலும் தூவல் தூவல்தான். தண்ணீர் கலந்தால் அதிலும் பக்ரீரியா வளரும். கிரைண்டிங்கில் சூடு அதிகம் என்பதால் பெரும்பாலான இடங்களில் இன்னும் பழைய கூலன்ற்தான்.

மெசின் நின்றவுடன் கதவைத் திறக்காதீர்கள்; உறிஞ்சி தூவலை இழுத்து முடிக்கச் சில நிமிடம் விடுங்கள். காற்றுக் குழாயால் ஊதித் துடைப்பதை நிறுத்துங்கள். சாதாரணக் கடதாசி முகமூடி இதற்கு உதவாது.

வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் எம்மவரில் பலர். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆஸ்மா தொடங்கியதும் அந்தத் தூவலிலிருந்து விலகுபவர்களே அதிகம் தேறுகிறார்கள். இங்கே பிரித்தானியாவில், இத்தகைய ஆபத்துள்ள வேலையில் உங்கள் சுவாசத்தைக் கண்காணிப்பது முதலாளியின் சட்டக் கடமை. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கூலன்ற்றின் பெயரையும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கொண்டு போங்கள். எந்த நாட்களில் இருமல் குறைந்தது என்றும் குறித்து வையுங்கள்.