வீட்டில் வெல்டிங் இயந்திரம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சொந்தக் காணிக்குத் திரும்பி வந்த குடும்பங்களுக்கும், இன்னும் உறவினர் வளவிலோ குத்தகைக் காணியிலோ இருந்து கமம் செய்யும் குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு கஷ்டம் உண்டு. கலப்பையின் சட்டம் வெடித்தாலும், உழவு இயந்திரப் பெட்டியின் கொளுக்கி உடைந்தாலும் பட்டணத்துப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சில வேளைகளில் ஒட்டுக் கூலியிலும் பார்க்க ஏற்றி இறக்கும் கூலி கூடிவிடும். விதைப்பு நேரத்தில் இரண்டு நாள் வீணானால் நிலத்தின் ஈரமும் போய்விடும்.

இதனால் பலர் வீட்டிலேயே ஒரு வெல்டிங் இயந்திரம் வைத்திருக்க விரும்புகிறார்கள். இன்வேற்றர் வகை இயந்திரங்கள் வந்தபின் ஒரு கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய இயந்திரமே வீட்டு வேலைக்குப் போதும். ஆனால் கையிலுள்ள காசு முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டு, பழைய வயரிலும் வெயில் கண்ணாடியிலும் வேலையைத் தொடங்கக்கூடாது. வயர், புவித்தொடுப்பு, முகமூடி, கையுறை ஆகியவற்றின் செலவை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சும் காசுக்கு ஏற்ற இயந்திரத்தைத் தேடுங்கள்.

எவ்வளவு மின் வேண்டும்?

இயந்திரத்தில் ‘200 அம்பியர்’ என்று எழுதியிருந்தால் அது குச்சி முனையில் வெளிவரும் மின்னின் அளவு. வீட்டு இணைப்பிலிருந்து இழுக்கும் அளவு வேறு. நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. பெரும்பாலான வீட்டு இணைப்புகள் 30 அம்பியர் வரைக்கும் உரியவை.

கதவு, கதிரை, கேற் போன்ற வேலைகளுக்கு 2.5 மில்லிமீற்றர் குச்சி போதும். அதற்கு 60 முதல் 90 அம்பியர் வரை வைப்பார்கள். அவ்வேளை இன்வேற்றர் இயந்திரம் வீட்டு இணைப்பிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 16 அம்பியர் வரை இழுக்கும். தடித்த இரும்புக்கு 3.25 மில்லிமீற்றர் குச்சி பாவித்தால் இது 25 அம்பியருக்குக் கிட்டப் போகலாம். அப்போது வீட்டில் தண்ணீர்ப் பம்பி, கேத்தில், மின் அழுத்தி எதுவும் ஓடக்கூடாது. பழைய பாரமான ட்ரான்ஸ்போமர் இயந்திரம் அதே வேலைக்கு இன்னும் கூடுதலாக இழுக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கினால் வீட்டு இணைப்பு தாங்காமல் போகலாம்.

இயந்திரத்திலுள்ள தகட்டில் 60% என்று ஒரு எண் இருக்கும். 10 நிமிடத்தில் 6 நிமிடம் ஒட்டி, 4 நிமிடம் ஆறவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. பக்கத்தில் எழுதியிருக்கும் அம்பியர் அளவுக்கு மட்டுமே இது பொருந்தும். மலிவான இயந்திரங்களில் இந்த எண் குறைவாக இருப்பதுண்டு.

வயரும் புவித்தொடுப்பும்

சுவரிலுள்ள சாதாரண 13 அம்பியர் பிளக்கில் இயந்திரத்தைக் கொழுவி நெடுநேரம் ஒட்டினால் பிளக் சூடாகி உருகும். மின்மானிக்குக் கிட்டவுள்ள பெட்டியிலிருந்து வெல்டிங்குக்கென்றே தனி வயர் இழுத்து, தனிப் பிறேக்கர் போடுவதே முறை. 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் வீட்டு வேலைக்குப் பொருத்தமானது. இவ்வேலையை அனுமதி பெற்ற மின் தொழிலாளியைக் கொண்டே செய்யுங்கள். பிறேக்கர் அடிக்கடி விழுந்தால் பெரிய பிறேக்கர் மாற்றுவதோ பியூசுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவதோ தீர்வல்ல. வயர் தாங்காது என்பதையே அது சொல்கிறது.

நீட்டு வயர் பாவித்தால் சுருளை முழுவதும் அவிழ்த்து விடுங்கள். சுருட்டியபடி பாவித்தால் உள்ளே வெப்பம் கூடி உறை உருகிவிடும்.

புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் வெல்டிங் இயந்திரம் ஓட்டவே கூடாது. மணல் நிலத்திலும் வறண்ட நிலத்திலும் புவித்தொடுப்புக் கம்பி சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆகவே மின் தொழிலாளியைக் கொண்டு அதை அளந்து பார்ப்பது அவசியம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்தி, அதன் பரீட்சைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் காப்பது இயந்திரம் வரை வரும் மின்னிலிருந்து மட்டுமே. குச்சி முனையில், ஒட்டாமல் நிற்கும்போது, 60 முதல் 80 வோல்ற்று வரை இருக்கலாம். வியர்வையில் நனைந்த உடம்புக்கும் மாரியில் ஈரமான நிலத்துக்கும் அது ஆபத்தானது. உலர்ந்த பலகையில் நின்று வேலை செய்யுங்கள். குச்சி பிடியைக் கமக்கட்டில் செருகாதீர்கள்.

லைன் கம்பியில் கொக்கி போட்டு மின் எடுப்பது குற்றம். அது உயிரையும் எடுக்கும். கூலிக்கு ஒட்டிக் கொடுக்க நினைப்பவர்கள், வீட்டுப் பாவனை இணைப்பில் அதைச் செய்யலாமா என்று மின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

மின் இணைப்பு இல்லாத இடங்களில் 2.5 மில்லிமீற்றர் குச்சிக்கு ஏறக்குறைய 5 கே.வி.ஏ. மின்பிறப்பாக்கி வேண்டும். அதைக் கொட்டிலுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு உண்டு.

கண்ணும் தோலும்

வெல்டிங் வெளிச்சத்தில் கழியூதாக் கதிர் மிகுதி. அது கண்ணின் மேற்பரப்பைச் சுடும்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணல் விழுந்தது போல் உறுத்தி நீர் வடியும். அவ்வேளை தாய்ப்பால் விடுவது, பிறருக்குக் கொடுத்த மருந்தை விடுவது எதுவும் வேண்டாம். கண்ணைக் கசக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

வெயில் கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் போதாது. முகத்தையும் கழுத்தையும் மறைக்கும் முகமூடியும், அதில் 10ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். கசடு தட்டும்போதும் கிறைண்டர் பிடிக்கும்போதும் தெளிவான கண்ணாடி அணியுங்கள். தோல் கையுறையும், நீண்ட கை வைத்த தடித்த பருத்திச் சட்டையும், நீளக் காற்சட்டையும், மூடிய சப்பாத்தும் தேவை. சாரமும் ரப்பர் செருப்பும் இவ்வேலைக்கு உதவாது. நைலோன் துணியில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் கண்ணையும் நினையுங்கள். தகரத்தால் ஒரு மறைப்பு வைத்துவிட்டே தொடங்குங்கள்.

இடமும் நெருப்பும்

கிடுகுக் கூரைக்குக் கீழும், ஓலை வேலிக்கோ வைக்கோல் போருக்கோ பக்கத்திலும் ஒட்டக்கூடாது. பொறிகள் பல அடி தூரம் பறக்கும். சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். பக்கங்கள் திறந்த தகரக் கொட்டிலும் வெறும் மண் தரையும் நல்லது. ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். மின் ஓடும் இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதற்கு மணலே. வேலை முடிந்து அரை மணி நேரம் ஒருவர் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

ஒட்டக்கூடாதவை

டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய் இருந்த பீப்பாயையோ தாங்கியையோ ஒட்ட எடுக்காதீர்கள். வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். நாகம் பூசிய குழாயை ஒட்டினால் எழும் வெள்ளைப் புகை அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் தரும். பூச்சை அரத்தால் நீக்கி, காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசும்படி நின்று ஒட்டுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பழைய இரும்பு. கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நடந்தும், வடக்கு கிழக்கில் வயல்களிலும் பற்றைகளிலும் வெடிக்காத பொருட்கள் இன்னும் அகப்படுகின்றன. என்னவென்று தெரியாத இரும்புக் குழாய், கூடு, உருளை எதையும் தொடவோ வீட்டுக்குக் கொண்டுவரவோ வெட்டவோ வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்து, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

தொடங்கும் முறை

முதல் சில வாரம் கழிவுத் தகட்டில் பழகுங்கள். பழகுவதற்கு 6013 குச்சி இலகுவானது. குச்சிகளை மூடிய தகர டின்னில் ஈரம் படாமல் வையுங்கள். எர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்குக் கிட்ட, துருவும் நிறப்பூச்சும் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். உழவு இயந்திரத்தில் ஒட்டும்போது முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தடை, ஸ்ரியறிங் போன்ற உயிரோடு சம்பந்தப்பட்ட பாகங்களை அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள்.

தனியொரு குடும்பத்தால் இவ்வளவையும் வாங்க முடியாவிட்டால், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தோ கமக்காரர் அமைப்பு ஊடாகவோ ஒரு இயந்திரம் வாங்கலாம். சரியான வயரும் புவித்தொடுப்பும் உள்ள ஒரே இடத்தில் அதை வைத்து, ஒருவர் அல்லது இருவர் முறையாகப் பழகினால் போதும். இயந்திரத்தை இரவல் கொடுக்கும்போது முகமூடியையும் கையுறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அவை இல்லாமல் இயந்திரம் வெளியே போகாது என்ற விதியை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.