ஆறு மில்லிமீட்டர் மேட்டர்!

ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இங்கேயிருந்துதான். ரயிலில் போகும்போது 'தடக்... தடக்...'னு ஒரு சத்தம் கேட்டிருப்பீங்களே? இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியைச் சக்கரம் தாண்டுகிற சத்தம் அது.

எதுக்கு இடைவெளி? 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் சுமார் 6 மி.மீ. நீளும். நீள இடம் இல்லேன்னா வளையும். அப்புறம் ரயில் தடம் புரள வேண்டியதுதான்! இடைவெளியே இல்லாமல் வெல்டிங் செய்த தண்டவாளத்தை எந்த வெப்பநிலையில் இறுக்கணும்னு முடிவு பண்ணவும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்குக்கு நம்பர் தருகிற ஆசாமி, டைலட்டோமீட்டர். 50 மி.மீ. இரும்புத் துண்டு ஒன்றைக் குட்டி உலையில் வைத்துச் சூடாக்குவாங்க. துண்டு நீள நீள, அதைத் தொட்டிருக்கும் சிலிக்கா கம்பி வெளியே தள்ளப்படும். மறுமுனையில் இருக்கும் சென்ஸார் அந்த நகர்வை அளக்கும். ஏன் சிலிக்கா? இரும்பு நீள்வதில் இருபதில் ஒரு பங்குதான் அது நீளும். 100 டிகிரி ஏற்றினால் அந்தத் துண்டு நீள்வது வெறும் 0.06 மி.மீ. கிட்டத்தட்ட உங்க தலைமுடி தடிமன்! கன அளவு எவ்வளவு கூடுதுன்னு தெரியணுமா? நீள விரிவு எண்ணை மூணால் பெருக்குங்க, போதும்.

அப்படியே எண்ணூருக்கு வாங்க. காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் திறந்த இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. டெர்மினலில் கதை உல்டா. அங்கே வர்ற திரவ எரிவாயுவின் வெப்பநிலை மைனஸ் 162 டிகிரி. அந்தக் குளிரில் 100 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் சுமார் கால் மீட்டர் சுருங்கிடும். அதைக் கணக்கில் எடுக்காமல் பைப்பை நேராக இழுத்துக் கட்டினால் ஜாயின்ட் பிய்ச்சுக்கும். அதனால்தான் இந்த மாதிரி பைப் லைன்களில் நடுநடுவே வளைவு வைக்கிறாங்க.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் இயர் லேபில் இந்த விரிவு ரீடிங்கை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே காப்பியடிச்சவன் நான். மார்க் வந்துச்சு. ஆனா, நாளைக்கு நான் கையெழுத்துப் போடும் டிராயிங்கை நம்பி ஒரு ரயில் ஓடும், ஒரு வெல்டர் பைப் மேல ஏறுவார். அவங்களுக்கு சீனியர் ரெக்கார்டு உதவாது பாஸ்!

அடுத்த லேபில் ரீடிங்கை நீங்களே எடுங்க. 0.06-தானேன்னு விட்டுடாதீங்க!