குடியை நிறுத்த காளான் மருந்தா? உண்மை என்ன?



வீட்டுக்காரரின் குடியால் கூலிப் பணம் வீடு வந்து சேராமல், சந்தாவும் கடன் தவணையும் கட்டத் தவிக்கும் உறுப்பினர்கள் நம் குழுக்கள் பலவற்றில் இருக்கிறார்கள். அதனால்தான் "குடியை நிறுத்த மருந்து வந்திருக்காம்" என்று யார் சொன்னாலும் நம் மனசு அந்தப் பக்கம் போய்விடுகிறது. இப்போது, "வெளிநாட்டுல ஏதோ காளான் குடுத்துக் குடியை நிறுத்துறாங்களாமே, அது கொடைக்கானல்லயே கிடைக்குதாமே?" என்று கேட்கிறார்கள். இதில் எது உண்மை, எது ஆபத்து என்று பார்ப்போம்.

அது என்ன மருந்து?

சில வகைக் காளான்களில் சைலோசைபின் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குப் பார்ப்பதும் கேட்பதும் மாறிப் போகும். அடக்கி வைத்த துக்கம், பயம் எல்லாம் மேலே வரும். சிலருக்கு அழுகை வரும், சிலருக்குப் பெரிய நிம்மதி வரும், சிலர் மிரண்டு போவார்கள். எல்.எஸ்.டி. என்பதும் இதே வகைதான்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1950-களில் கனடா நாட்டில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சிகிச்சை செய்து பார்த்தார். பிறகு இந்தப் பொருட்களைப் போதைக்காகப் பயன்படுத்துவது பெருகியதால் பல நாடுகளில் தடை வந்தது. ஆராய்ச்சியும் பல வருடங்கள் நின்று போனது.

புதிய ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் குடிநோயாளிகள் 93 பேரிடம் செய்த ஆராய்ச்சி 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் 12 வாரம் பேச்சுச் சிகிச்சை, அதாவது கவுன்சலிங் கொடுத்தார்கள். அதன் நடுவே இரண்டே இரண்டு நாட்கள்தான் மருந்து. ஏறத்தாழ பாதிப் பேருக்கு சைலோசைபின், மற்றவர்களுக்கு வேறு மாத்திரை. பிறகு 32 வாரம் கணக்கெடுத்தார்கள். சைலோசைபின் எடுத்தவர்கள் 100 நாளில் சுமார் 10 நாள் அதிகமாகக் குடித்தார்கள். மற்றவர்கள் சுமார் 24 நாள்.

நல்ல பலன்தான். ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டியவை:

* வேறு மாத்திரை எடுத்தவர்களும் முன்பைவிடக் குடியைக் குறைத்திருந்தார்கள். எல்லோருக்கும் கவுன்சலிங் நடந்தது.
* மருந்து கொடுத்த நாளில், பயிற்சி பெற்ற இரண்டு பேர் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார்கள். மறுபடி மறுபடி உட்கார்ந்து பேசினார்கள்.
* கடுமையான மனநோய் உள்ளவர்களை இந்த ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை.
* வந்தவர்கள் எல்லோரும் "நான் குடியை விடணும்" என்று தாங்களாகவே வந்தவர்கள்.

இன்னும் இது ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. குடிநோய்க்கான மருந்தாக அமெரிக்காவிலேயே இதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஏன் நாமாகக் கொடுக்கக் கூடாது?

ஆராய்ச்சியில் கொடுத்தது அளந்து செய்த மருந்து. மலையில் பறித்த காளானில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் விஷக் காளான்கள் ஈரலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். மேலும், 1985-ம் வருட போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி சைலோசைபினை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், ஜெயில் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தெரியாம சோத்துல கலந்து குடுத்துடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். காளானானாலும் சரி, கடையில் வாங்கிய மாத்திரையானாலும் சரி, அப்படிச் செய்யவே கூடாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் அதன் மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் சொல்லி, சாப்பிடுபவரும் தெரிந்து சம்மதித்தால்தான் அது மருந்து.

நாம் செய்யக் கூடியது

1. குடி ஒரு நோய். அது உங்கள் தப்பும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சைக்குக் கேளுங்கள்.
2. தினமும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.
3. போதை மீட்புக்கான கட்டணமில்லா தொலைபேசி எண் 14446. வீட்டுக்காரர் வர மறுத்தாலும் நீங்கள் பேசி ஆலோசனை கேட்கலாம்.
4. "ஒரே டோஸில் நிறுத்துகிறோம்" என்பவர்களை நம்பிக் குழுக் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள்.
5. சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி குடித்தால் எல்லாம் வீண் என்று விட்டுவிடாதீர்கள். திரும்பவும் அழைத்துப் போங்கள்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். சபையில் சொல்லக் கூச்சப்படும் சகோதரியிடம் கூட்டம் முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது கூட ஒருவர் துணைக்குப் போனாலே பாதி பயம் போய்விடும்.